இன்ஜின் காற்று வெப்பநிலை சென்சார் தகராறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேன் பண்ணினால் இன்ஜின் இழுக்கும் காற்றின் வெப்பநிலை சென்சார் என்று வருகிறது. உடனே புது சென்சார் வாங்கி மாட்டுகிறோம்; இரண்டு நாள் கழித்து அதே விளக்கு மறுபடியும் எரிகிறது. காரணம், ஸ்கேனர் காட்டும் இந்தக் கோளாறுக் கோடுகளில் (பி0113 போன்ற குறியீட்டு எண்கள்) பெரும்பங்கு வயரிலும் கனெக்டரிலும் இருந்து வருபவை. சென்சாரே செத்துப்போவது அதைவிடக் குறைவு. வாங்குவதற்கு முன் அளந்து பார்ப்பது எப்படி என்பதைத்தான் கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் சொல்கின்றன.

இந்த சென்சாருக்கு என்னதான் வேலை?

பெட்ரோல் முழுதாக எரிய, 1 கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதை எடைக் கணக்கில் தெரிந்துகொண்டால்தான் இசியு (இன்ஜினை நடத்தும் கணினி) சரியான அளவு பெட்ரோலைத் தெளிக்க முடியும். குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம், சூடான காற்று அடர்த்தி குறைவு. 0 டிகிரி செல்சியஸில் 1 கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.29 கிலோ, 40 டிகிரியில் 1.13 கிலோதான். மூன்று டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொரு வேலையும் உண்டு. காற்று மிகவும் சூடாக இருந்தால் நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வரும் வாய்ப்பு கூடும். அப்போது இசியு இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரத்தை, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளும். அதற்கும் இந்த சென்சார் சொல்லும் எண்தான் ஆதாரம்.

வண்டியில் எங்கே இருக்கும்?

மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியிலோ அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயிலோ இரண்டு வயரோடு தனியாகச் செருகப்பட்டிருக்கலாம். காற்றின் எடையை அளக்கும் மாஃப் சென்சாருக்குள்ளேயே சேர்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட கனெக்டரில் பொதுவாக ஐந்து வயர் இருக்கும். அல்லது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டில், அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரோடு ஒரே உறையில், நான்கு வயரோடு இருக்கலாம்.

வயர்களை எண்ணிப் பார்ப்பது அற்பமாகத் தோன்றும். ஆனால் எந்தச் சோதனையைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

டேஷ்போர்டில் காட்டும் வெளி வெப்பநிலை இதிலிருந்துதான் வருகிறதா?

பெரும்பாலான வண்டிகளில் இல்லை. அதற்கு முன் பம்பருக்குப் பின்னாலோ பக்கக் கண்ணாடியின் அடியிலோ தனி சென்சார் இருக்கும். டேஷ்போர்டில் தப்பான வெப்பநிலை தெரிகிறது என்பதற்காக ஏர் ஃபில்டர் பக்கம் போய் எதையும் கழற்ற வேண்டாம். கூலன்ட் (இன்ஜினை ஆற்றும் திரவம்) வெப்பநிலை சென்சாரும் வேறு. உதிரிபாகக் கடையில் கேட்கும்போது இந்த மூன்றும் ரொம்பக் குழம்பும். கழற்றிய பழையதைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு சின்ன தர்மிஸ்டர், அவ்வளவுதான். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். குளிரக் குளிரக் கூடும். இசியு தனக்குள் இருக்கும் ஒரு நிலையான ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை ஒரு வயரில் அனுப்புகிறது. இன்னொரு வயர் எர்த். தர்மிஸ்டர் எவ்வளவு தடுக்கிறதோ அதற்கேற்ப சிக்னல் வயரில் ஒரு வோல்ட்டேஜ் நிற்கும். சூடு என்றால் குறைந்த வோல்ட், குளிர் என்றால் அதிக வோல்ட். இந்தத் தலைகீழ் உறவைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாமே எளிது. கோடுகளின் பெயர் பலரைக் குழப்புவதும் இதனால்தான்.

கெட்டுப்போனால் வண்டியில் என்ன தெரியும்?

எந்தப் பக்கமாகப் பொய் சொல்கிறது என்பதைப் பொறுத்தது.

உண்மையைவிடக் குளிர் என்று சொன்னால், காற்று அடர்த்தியாக வருகிறது என்று நினைத்து இசியு கூடுதல் எரிபொருள் தெளிக்கும். மைலேஜ் குறையும், புகைக்குழாயில் பெட்ரோல் வாடை வரும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். டைமிங்கும் கொஞ்சம் முன்னே போவதால் மேடு ஏறும்போது நாக்கிங் சத்தம் கேட்கலாம்.

உண்மையைவிடச் சூடு என்று சொன்னால் இதற்கு எதிர். கலவை மெலிந்து, குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகத் தயங்கும். டைமிங் பின்னுக்குப் போய் பிக்கப் இருக்காது. வண்டி ஓடும், ஆனால் இழுக்காது.

ஒன்றுமே தெரியாமல் விளக்கு மட்டும் எரிவதும் சகஜம். பல இசியுக்கள் சென்சாரின் எண் நம்பத் தகாதது என்று கண்டதும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு பொதுவான எண்ணை வைத்துக்கொண்டு ஓட்டும். முழுசாகச் செத்த சென்சாரைவிடப் பாதி பொய் சொல்லும் சென்சார்தான் அதிகத் தொல்லை தரும். இசியு அதைச் சந்தேகிக்காது, விளக்கும் எரியாது.

காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் தகராறு, சூடான பிறகு சரியாகிவிடுகிறது. இது இந்த சென்சாராக இருக்குமா?

இருக்கலாம். இன்ஜின் சூடானபின் ஆக்சிஜன் சென்சார் வேலைக்கு வந்துவிடும். எரிந்த புகையைப் பார்த்து, பெட்ரோல் அதிகமா குறைவா என்று அது சொல்ல, இசியு திருத்திக்கொள்ளும். அதனால் காற்று வெப்பநிலையில் இருக்கும் பிழை மறைந்துவிடுகிறது. ஆக்சிஜன் சென்சார் தயாராகும் வரையிலும், ஆக்சிலேட்டரை முழுசாக மிதிக்கும்போதும் அந்தத் திருத்தம் கிடையாது. பிழை வெளியே தெரிவது அப்போதுதான்.

உண்மையில் 30 டிகிரி இருக்கும் காற்றை சென்சார் 10 டிகிரி என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேப் சென்சாரை நம்பி ஓடும் இன்ஜினில் அது சுமார் 7 சதவீதக் கூடுதல் எரிபொருள். ஸ்கேனரில் லாங் டேர்ம் ஃப்யூல் ட்ரிம் (இசியு எரிபொருளில் நாளடைவில் செய்துவைத்திருக்கும் திருத்தம்) மைனஸ் பக்கம் அதே அளவில் நின்றால் சந்தேகப்பட இடமுண்டு. மாஃப் சென்சார் உள்ள இன்ஜினில் காற்றின் எடை நேரடியாகவே அளக்கப்படுவதால் பாதிப்பு இவ்வளவு இருக்காது. அங்கே டைமிங்தான் முக்கியமாகப் பாதிக்கப்படும்.

ஆனால் காலைத் தகராறு என்றால் என் முதல் சந்தேகம் கூலன்ட் சென்சார் மேல்தான். குளிர்ந்த இன்ஜினுக்கு எவ்வளவு கூடுதல் பெட்ரோல் தேவை என்பதை முடிவு செய்வதில் அதற்குத்தான் பெரிய கை.

ஸ்கேனரில் வரும் கோடுகளுக்கு என்ன அர்த்தம்?

பி0110 என்றால் சர்க்யூட்டில் ஏதோ கோளாறு என்று பொதுவாகச் சொல்வது. பி0111 என்றால் எண் வருகிறது, ஆனால் நம்பும்படி இல்லை: ஒரே இடத்தில் உறைந்து நிற்கிறது, அல்லது இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மற்ற சென்சார்களோடு ஒத்துப்போகவில்லை.

பி0112 வந்தால் சிக்னல் வோல்ட்டேஜ் மிகக் குறைவு. அதாவது இசியு கண்ணுக்குக் காற்று கொதிக்கிறது. சிக்னல் வயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது, அல்லது சென்சார் உள்ளே ஷார்ட். பி0113 வந்தால் வோல்ட்டேஜ் மிக அதிகம். அதாவது உறைபனிக் குளிர். வயர் அறுந்திருக்கும், கனெக்டர் கழன்றிருக்கும், அல்லது சென்சார் உள்ளே அறுந்திருக்கும். பி0114 விட்டுவிட்டு வரும் கோளாறு. கனெக்டரில் பின் தளர்ந்ததுதான் இதற்கு வழக்கமான காரணம்.

டர்போ வண்டிகளில் இரண்டாவது சென்சார் இருந்தால் அதற்குத் தனியாக பி0095 முதல் பி0099 வரை. பி0097 வோல்ட் குறைவு, பி0098 வோல்ட் அதிகம். பி0127 சற்று வேறு ரகம்: சென்சாரை அது குறை சொல்லவில்லை, காற்று ரொம்பச் சூடாக வருகிறது என்கிறது. அதைப் பார்த்து சென்சாரை மாற்றினால் பணம்தான் வீண்.

கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃபிரேமைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கோளாறு பதிவான நேரத்தில் வேகம் என்ன, இன்ஜின் சூடு என்ன என்று அதில் இருக்கும். விட்டுவிட்டு வரும் கோளாறில் அதுதான் கையில் இருக்கும் ஒரே தடயம்.

ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி காட்டுகிறது. சென்சார் போய்விட்டதா?

மைனஸ் 40 என்றால் சர்க்யூட் எங்கோ திறந்திருக்கிறது என்று பொருள். வயர் அறுந்தாலும் இதே எண், கனெக்டர் கழன்றாலும் இதே எண், சென்சார் உள்ளே அறுந்தாலும் இதே எண். ஏர் ஃபில்டர் மாற்றிய கையோடு இது வந்திருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். ஃபில்டர் பெட்டியைத் திறக்கக் கழற்றிய கனெக்டரைத் திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள், அல்லது அரைகுறையாக மாட்டியிருப்பார்கள். கிளிக் என்ற சத்தத்தோடு பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள்.

வீட்டிலேயே சோதிக்க என்னென்ன வேண்டும்?

டிஜிட்டல் மல்டிமீட்டர், நேரடி அளவுகளைக் காட்டும் வண்டியின் சோதனை சாக்கெட்டில் செருகும் ஒரு சாதாரண ஓபிடி ஸ்கேனர், ஒரு தெர்மாமீட்டர். போனோடு ப்ளூடூத்தில் இணையும் சின்ன ஸ்கேனர்கூடப் போதும். வயரிங் டயகிராம் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எதையும் கழற்றாமல் செய்யக்கூடிய சோதனை உண்டா?

உண்டு. என்னைக் கேட்டால் இந்த ஒன்றைச் செய்யாமல் வேறு எதையும் தொடவே கூடாது.

இரவு முழுக்க வண்டியை நிழலில் நிறுத்தி வையுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை, கூலன்ட் வெப்பநிலை இரண்டையும் பாருங்கள். பக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்து வெளி வெப்பநிலையையும் பாருங்கள். எட்டு மணி நேரம் சும்மா நின்ற வண்டியில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு டிகிரி, ஏன், நான்கைந்து டிகிரி வித்தியாசம்கூடப் பரவாயில்லை. பத்துக்கு மேல் போனால் அந்த ஒன்று பொய் சொல்கிறது. எது பொய் சொல்கிறது என்பது மற்ற இரண்டையும் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்ஜினுக்கு ஹீட்டர் போட்டு வைக்கும் குளிர்ப் பிரதேசங்களில் இந்தச் சோதனைக்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கூலன்ட் மட்டும் சூடாகத் தெரிந்து குழப்பும்.

பிறகு ஸ்டார்ட் செய்து எண்ணைக் கவனியுங்கள். ஐட்லிங்கில் மெதுவாக ஏற வேண்டும். வண்டி வேகம் எடுத்ததும் புதுக் காற்று பட்டு இறங்க வேண்டும். அரை மணி நேர ஓட்டத்தில் ஒரு டிகிரிகூட அசையாத சென்சார் வேலை செய்யவில்லை, அல்லது இசியு அதைப் புறக்கணித்துத் தன் சொந்த எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

ஓம் அளந்தால் எவ்வளவு வர வேண்டும்?

இக்னிஷனை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் இரண்டு பின்களுக்கு இடையே அளக்க வேண்டும். வண்டிக்கு வண்டி எண் மாறும். பல ஜப்பானிய, ஐரோப்பிய வண்டிகளில் 20 டிகிரியில் 2.2 முதல் 2.7 கிலோ ஓம், 80 டிகிரியில் 0.3 கிலோ ஓம் அளவில் இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 3.5 கிலோ ஓம். பல ஃபோர்டு வண்டிகளில் அதே 20 டிகிரியில் 37 கிலோ ஓம் வரும். அதைப் பார்த்துப் பதறி நல்ல சென்சாரைத் தூக்கி எறிய வேண்டாம். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் அட்டவணையே இறுதி.

ஒரு எண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஹேர் டிரையரை எட்ட வைத்து மெதுவாகச் சூடு காட்டுங்கள். ஓம் சீராக, தாவாமல் இறங்க வேண்டும். டிரையரை அணைத்ததும் திரும்ப ஏற வேண்டும். நடுவில் எங்காவது துள்ளினாலோ திடீரென்று காணாமல் போனாலோ உள்ளே விரிசல். நெருப்பு, லைட்டர், ஹீட் கன் எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக் உருகிவிடும்.

வயரிங் நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கனெக்டரைக் கழற்றிவிட்டு இக்னிஷனை ஆன் செய்யுங்கள். வயர் பக்கத்துக் கனெக்டரில் சிக்னல் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 5 வோல்ட் அளவில் வர வேண்டும். அடுத்து சிக்னல் பின்னுக்கும் பக்கத்தில் இருக்கும் எர்த் பின்னுக்கும் இடையே அளங்கள். அதே 5 வோல்ட் வந்தால் இரண்டு வயரும் உயிரோடு இருக்கின்றன. முதல் அளவு வந்து இரண்டாவது வராவிட்டால் எர்த் வயர் அறுந்திருக்கிறது. இரண்டுமே வராவிட்டால் சிக்னல் வயர் அறுந்திருக்கலாம், எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், அபூர்வமாக இசியுவே போயிருக்கலாம்.

இன்னொரு சோதனை ஸ்கேனரோடு செய்வது. கனெக்டர் கழன்ற நிலையில் ஸ்கேனர் மைனஸ் 40 பக்கம் காட்ட வேண்டும். ஒரு சின்ன வயரால் சிக்னல் பின்னையும் எர்த் பின்னையும் இணைத்தால் எண் 120, 150 என்று உச்சத்துக்குத் தாவ வேண்டும். இரண்டும் நடந்தால் இசியுவும் வயரும் சரி, குற்றவாளி சென்சார்தான். உச்சத்துக்குப் போகவில்லை என்றால் வயரில்தான் தேட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதை இரண்டு வயர் சென்சாரில் மட்டும் தைரியமாகச் செய்யலாம். நான்கு வயர், ஐந்து வயர் கனெக்டர்களில் மற்ற சென்சார்களுக்கும் போகும் 5 வோல்ட் சப்ளையோ 12 வோல்ட்டோ இருக்கும். தெரியாமல் அதை எர்த்தோடு இணைத்தால் இல்லாத கோளாறு நான்கு புதிதாக முளைக்கும். டயகிராம் பார்த்து எந்தப் பின் எது என்று உறுதி ஆகாமல் வயரைச் செருகாதீர்கள்.

ஓம் சரியாக வருகிறது, 5 வோல்ட்டும் வருகிறது. ஆனாலும் கோடு திரும்பத் திரும்ப வருகிறதே?

கனெக்டரைச் சந்தேகியுங்கள். பின்களில் பச்சை படிந்திருந்தால் அது கூடுதல் மின்தடை. சென்சாரின் தடையோடு அது சேர்ந்துகொண்டு, இருப்பதைவிடக் குளிர் என்று காட்டும். இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. 20 டிகிரியில் 2500 ஓம் இருக்கும் சென்சாரோடு துரு 300 ஓமைச் சேர்த்தால் எண் மூன்று டிகிரிதான் பிசகும், யாருக்கும் தெரியாது. அதே சென்சார் 80 டிகிரியில் 320 ஓம் அளவுதான் இருக்கும். அங்கே 300 ஓம் சேர்ந்தால் தடை இரண்டு மடங்காகி, இசியு 60 டிகிரி என்று நினைக்கும். காலையில் செய்த சோதனையில் தேறிய வண்டி மத்தியானம் தகராறு செய்வது இப்படித்தான்.

ஈரம் புகுந்தால் நேர்மாறு. இரண்டு பின்களுக்கும் நடுவே தண்ணீர் ஒரு கள்ளப் பாதை போட்டுக் கொடுக்க, மொத்தத் தடை குறைந்து, இருப்பதைவிடச் சூடு என்று காட்டும். தர்மிஸ்டரின் தடை அதிகமாக இருக்கும் குளிர் நேரத்தில்தான் இது பெரிதாகத் தெரியும். மழைக்குப் பிறகோ இன்ஜினைத் தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகோ கோளாறு தொடங்கியிருந்தால் முதலில் கனெக்டரைக் கழற்றி உலர விடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஸ்கேனரில் எண்ணைப் பார்த்துக்கொண்டே வயரைப் பல இடங்களில் மெல்ல அசையுங்கள். எண் துள்ளும் இடத்தில்தான் முறிவு. கனெக்டரை ஒட்டிய முதல் சில அங்குலங்களும், வயர் கிளிப்பில் மடிந்து திரும்பும் இடமும்தான் வழக்கமாக அறும் இடங்கள். எலி கடித்த தடயம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடும் பெல்ட், ரேடியேட்டர் ஃபேன் பக்கம் கையும் சட்டைக் கையும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெரிசலில் நின்றால் எண் 60 டிகிரியைத் தாண்டுகிறது. கோளாறா?

பொதுவாக இல்லை. ஓடாமல் நிற்கும்போது பானெட்டுக்குள் தேங்கும் சூடு காற்றுக் குழாயையும் சென்சாரையும் சேர்த்துச் சூடாக்கும். சூடான இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணினாலும் இதேதான். மேனிஃபோல்டில் மாட்டிய சென்சார் எப்போதுமே ஏர் ஃபில்டர் பெட்டியில் இருப்பதைவிட அதிகம் காட்டும். வண்டி கிளம்பிச் சில நிமிடங்களில் எண் இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. இறங்கினால் விட்டுவிடுங்கள்.

ஓடும்போதும் இறங்கவில்லை, ஆனால் சென்சார் நல்லது. அப்புறம் என்ன?

அப்படியானால் காற்றே சூடாக வருகிறது. சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டிக்கு முன்னால் இருந்து குளிர்காற்று கொண்டுவரும் குழாய் கிழிந்திருக்கலாம், கழன்றிருக்கலாம், யாரோ கழற்றிவிட்டு மாட்டாமலே விட்டிருக்கலாம். பழைய சில பெட்ரோல் வண்டிகளில் குளிர்காலத்துக்காக எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூடான காற்றை இழுக்கும் ஒரு தகடு இருக்கும். அது திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால் வருஷம் முழுக்க இன்ஜின் வெந்த காற்றையே மூச்சாக இழுக்கும். திறந்த கூம்பு ஃபில்டரைப் பானெட்டுக்குள் மாட்டி, "நல்லா சத்தம் வருது" என்று சந்தோஷப்படுபவர்கள் ஒருமுறை இந்த எண்ணைப் பார்க்கலாம்.

சுத்தம் செய்தால் சரியாகுமா?

மேலே எண்ணெய்ப் படலம், தூசி, கரி படிந்திருந்தால் சென்சார் மந்தமாகும்: சரியான எண்ணைச் சொல்லும், ஆனால் தாமதமாக. பி0111க்கு இது ஒரு காரணம். மாஃப் சென்சாருக்கென்று விற்கும் ஸ்பிரேயை அடித்து, தானாக உலர விட்டு மாட்டுங்கள். கார்பரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர் இரண்டும் பிளாஸ்டிக்கையும் பூச்சையும் கெடுக்கக்கூடும், தவிர்த்துவிடுங்கள். துணியோ பிரஷ்ஷோ போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். மாஃபுக்குள் இருக்கும் மெல்லிய கம்பி உடனே போய்விடும்.

பி0112, பி0113 வந்தால் சென்சார் முனையைச் சுத்தம் செய்து பயனில்லை. அழுக்கு வயரை அறுக்காது.

டர்போ டீசல் வண்டி. இதில் ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு. டர்போ அழுத்திய காற்று 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகும்; இன்டர்கூலர் அதை ஆற்றி அனுப்புகிறது. அதனால் டர்போவுக்கு முன்னால் ஒன்று, இன்டர்கூலருக்குப் பின்னால் ஒன்று என்று இரண்டு சென்சார் இருப்பது வழக்கம். எந்தக் கோடு எந்த சென்சாருடையது என்று பார்க்காமல் கைக்கு எட்டியதை மாற்றுவது இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு.

மேனிஃபோல்டில் இருக்கும் சென்சார்மேல் இஜிஆர் (எரிந்த புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்பு) கொண்டுவரும் கரியும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து தார் போலப் படியும். அது மந்தமானால் புகை, பிக்கப் குறைவு, சில சமயம் வேகம் கட்டுப்படுத்தப்பட்ட நிலை என்று வரும். வேகமாக ஓடும்போது இன்டர்கூலருக்குப் பின்னால் உள்ள எண் வெளி வெப்பநிலையைவிட மிக அதிகமாக நின்றால், சென்சாருக்கு முன் இன்டர்கூலரின் முகத்தில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சென்சாரைக் கழற்றிவிட்டே ஓட்டலாமா?

சில நாள் ஓட்டலாம், இன்ஜின் நின்றுவிடாது. ஆனால் அது ஒரு தீர்வு இல்லை. மாஃபோடு சேர்ந்த சென்சாராக இருந்தால் கனெக்டரைக் கழற்றினால் மாஃபும் சேர்ந்து போய்விடும். வண்டி ஓடும் விதமே கெட்டுவிடும்.

பழுதோடு எவ்வளவு நாள் ஓட்டலாம்?

ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேரத் தாராளமாக ஓட்டலாம். மாதக்கணக்கில் வேண்டாம். பெட்ரோல் அதிகமாகத் தெளிக்கும் இன்ஜினில் எரியாத மிச்சம், புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுக்கும். அதன் விலைக்கு முன்னால் இந்த சென்சார் ஒன்றுமே இல்லை. நாக்கிங் சத்தம் கேட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காமல், பாரம் ஏற்றாமல் மெதுவாகப் போங்கள். விளக்கு எரிந்தபடி நிற்காமல் மின்னி மின்னி எரிந்தால் கதை வேறு. அது பெரும்பாலும் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் கலவை சரியாக எரியவில்லை. ஓரமாக நிறுத்திவிடுவதே நல்லது.

நானே மாற்ற முடியுமா?

ஏர் ஃபில்டர் பெட்டியில் தனியாக இருந்தால் யாரும் மாற்றலாம். இன்ஜின் ஆறட்டும், இக்னிஷன் அணைந்திருக்கட்டும். கனெக்டரின் பூட்டை அமுக்கி, கனெக்டரின் உடம்பைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் ஒரு கோளாறு இரண்டாகும். சில சென்சார்கள் ரப்பர் வளையத்தில் செருகியிருக்கும், சில திருகியிருக்கும், சில ஒன்றிரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அந்த இடைவெளியில் ஃபில்டரைத் தாண்டித் தூசியும் கணக்கில் வராத காற்றும் உள்ளே போகும். பிளாஸ்டிக்கில் திருகுவதைக் கையாலேயே இறுக்கினால் போதும். மாட்டிய பின் கோடை அழித்துவிட்டு, மறுநாள் காலை அந்த மூன்று எண் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

வேறு வண்டியின் சென்சார் அப்படியே பொருந்துகிறது. போடலாமா?

பொருந்துவது வேறு, ஓம் அட்டவணை ஒத்துப்போவது வேறு. 2.5 கிலோ ஓம் எதிர்பார்க்கும் இசியுவுக்கு 37 கிலோ ஓம் சென்சாரை மாட்டினால் சாதாரண நாளிலும் அது உறைபனி என்றே நம்பும். பாக எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே மல்டிமீட்டரை வைத்து ஓம் அளந்து பார்க்கத் தயங்காதீர்கள், அரை நிமிட வேலை.

இந்த சென்சாரில் மாட்டினால் பவர் கூடும் என்று ஒரு சின்ன "சிப்" விற்கிறார்களே?

பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் ஒரு ரெசிஸ்டர்தான். காற்று எப்போதும் குளிராக இருக்கிறது என்று இசியுவை ஏமாற்றி, கூடுதல் எரிபொருளும் முன்னேறிய டைமிங்கும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் ஆக்சிஜன் சென்சார் எரிபொருளைத் திருத்திவிடும். டைமிங்கை நாக் சென்சார் இழுத்துப் பிடிக்கும். மிஞ்சுவது, வெயிலில் பாரத்தோடு போகும்போது இன்ஜினுக்கு இருந்த ஒரு பாதுகாப்பை நாமே கழற்றிவிட்டது மட்டும்தான். பி0111 வந்த பழைய வண்டியை வாங்கினால் கனெக்டருக்குப் பின்னால் இப்படி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

புது சென்சார் போட்டும் விளக்கு அணையவில்லை.

கோடை அழித்தீர்களா? அழிக்காவிட்டால் சில ஓட்டங்கள் கழிந்துதான் விளக்கு தானாக அணையும். அழித்தும் அதே கோடு வந்தால் வயரிங் சோதனைக்குத் திரும்புங்கள். இந்த முறை இசியு கனெக்டர் வரை வயரின் தொடர்ச்சியை ஓம் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். கூடவே வேறு சென்சார்களின் கோடுகளும் வந்திருந்தால் அவை எல்லாம் பகிர்ந்துகொள்ளும் எர்த் வயரையோ 5 வோல்ட் சப்ளையையோ தேடுங்கள். மூன்று சென்சார் ஒரே நாளில் கெட்டுப்போவதைவிட ஒரு எர்த் வயர் கழன்றிருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இசியுதான் போச்சு என்று யாராவது சொன்னால், இவ்வளவையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாரா என்று கேளுங்கள்.